தலைக்கு வெந்நீர்

தாழ்ப்பாள் போட்டுட்டா. டொக்குன்னு, பக்கத்து வீட்டுக்கும் கேக்கட்டும்னு போட்ட மாதிரி. புதுத் தாழ்ப்பாள், அப்படித்தான் விழும். இந்த பாத்ரூம் கதவுல ரொம்ப வருஷமா தாழ்ப்பாளே கெடையாது, நாந்தான் ஆசாரிய வச்சுக் கழட்டிப் போட்டேன். போன வாரம் எம்மக, மகராசி, வண்ணார்பேட்டைக்குப் போயி அவளே ஒண்ணு வாங்கிட்டு வந்து, அவளே திருகி மாட்டிட்டா. அவங்க அப்பா நாற்காலியில உக்காந்துக்கிட்டு "வலது பக்கம் கோணுது, வலது பக்கம் கோணுது"ன்னு சொன்னாரே தவிர எந்திரிச்சு வரல. வந்து ஒரு திருகாணியத் தொட்டிருந்தா அன்னைக்கு அவருக்குச் சோறு போட்டிருக்க மாட்டேன். இப்போ கதவுக்கு அந்தப் பக்கம் எம்மக செண்பகம், தலை நெறைய எண்ணெயோட. இந்தப் பக்கம் நான். டாக்டர் மங்கையர்க்கரசி, நரம்பு வைத்தியம், வெந்நீர் வலிப்பப் பத்தி ஆராய்ச்சி பண்ணி வெளிநாட்டு ஜர்னல்ல கட்டுரை போட்டவ, சொந்த வீட்டுக் கதவுல காத வச்சுக்கிட்டு, தூக்கிச் செருகின சேலையோட, திருடி மாதிரி நிக்கேன். எங்கிட்ட படிக்கிற புள்ளைங்க யாராவது பாத்தா என்ன நெனைக்கும். நெனைச்சுட்டுப் போகட்டும். கீசர் குழாயத் தொறக்கா. வாளி ரொம்புது. மொதல்ல தகரத்துல விழுந்த மாதிரி சத்தம், பொறவு கனமா, பொறவு இன்னும் கனமா. கொதிக்கக் கொதிக்க வரும் அந்தக் குழாயில. வெளாவுட்டி, பச்சத் தண்ணி ஊத்தி வெளாவு. வாயத் தொறக்கக் கூடாது. அதுதான் பேச்சு.

பேச்சுன்னா சும்மா பேச்சா, பஞ்சாயத்துல தீர்ப்பு சொன்ன மாதிரில்லா சொன்னா. நேத்து தட்டுல தோசைய வச்சுக்கிட்டு, எம்மூஞ்சியப் பாக்காம, சட்னியப் பாத்துச் சொல்லுதா. "எம்மா, நாளைக்கு வெள்ளிக்கிழமை. எண்ணெ தேச்சு, சுடுதண்ணியில, தலையோட, கதவப் பூட்டிக் குளிக்கப் போறேன். நீ ஒரு தடவை கூடக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டேன்னு வையி, நான் குன்னூருக்குப் போகல. அந்த வேலை வேண்டாம்னு சொல்லிட்டு உன் முந்தானையப் பிடிச்சுக்கிட்டு இங்கனயே இருந்துடுதேன்." இதென்னட்டி கோட்டித்தனம்னு கேட்டேன். "நீ எழுதினத நீயே நம்பலேன்னா நான் எப்படிம்மா நம்ப?" அவ்வளவுதான். அவங்க அப்பா தோசைய வாயில வச்சவர் மெல்லாம அப்படியே இருந்தாரு. நியாயந்தான, அதான் எரிச்சலா இருக்கு. குன்னூர்ல தேயிலைத் தோட்டத்துல மண்ணப் பரிசோதிக்கிற வேலை. மண்ணு படிக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னு படிச்ச புள்ள. கெடைச்ச லெட்டரக் காட்டும்போது அவ மூஞ்சி இருந்த இருப்ப நான் பாத்தேன்லா. ஆனா குன்னூர்! அங்க பச்சத் தண்ணியில குளிச்சா விறைச்சுப் போயிருவா. பாளையங்கோட்டையில ஆடி மாசம் குளிக்கிற மாதிரி அங்க தையில குளிக்க முடியுமா? சுடுதண்ணிதான். தெனம். தனி ரூம்ல. கதவுக்கு வெளிய யாரும் கெடையாது. சாயங்காலம் பஸ்ஸு. பெட்டி கட்டி வாசல்கிட்ட வச்சாச்சு. நான் ஒரு வார்த்தை கூப்பிட்டா பெட்டி மறுபடியும் பீரோ மேல ஏறிரும். கூப்பிடாம இருந்து உள்ள ஏதாவது ஆச்சுன்னா... இல்ல. ஆகாது. நாந்தான் எழுதியிருக்கேன்லா ஆகாதுன்னு. ஆகாதுன்னா எழுதினேன்? "பெரும்பாலோருக்கு வலிப்பு திரும்பவில்லை"ன்னு எழுதினேன். பெரும்பாலோர். நல்ல வார்த்தை கண்டுபிடிச்சேன் போ.

சளார். மொத செம்பு. தோளுக்குத்தான் ஊத்தியிருப்பா, தோளுக்குன்னா தண்ணி தரையில பரவலா விழும், தலைக்குன்னா ஒரே கட்டியா விழும். எனக்கு இப்போ இந்த வித்தியாசமெல்லாம் நல்லாத் தெரியும். வெளியில யாருகிட்ட சொன்னாலும் சிரிக்கத்தான் செய்வாங்க. தலையில சூடா தண்ணி ஊத்தினா வலிப்பு வருமா டாக்டரம்மா, கேலி பண்ணாதீங்கன்னு சொல்லுவாங்க. வரும். இருக்கு அப்படி ஒரு சீக்கு. நம்ம பக்கத்துலதான் ஜாஸ்தி, ஏன்னா நம்மதான் வாளியில வெந்நீர வச்சுச் செம்பு செம்பா மொண்டு உச்சந்தலையில ஊத்துதோம். தண்ணிச் சூடு சட்டுனு மண்டையில எறங்கும்போது உள்ள ஏதோ ஒரு எடம் தடுமாறிப் போகுது. கண்ணு ஒரே எடத்துல குத்தி நிக்கும். ஏதாவது முனங்கும். சில பேரு கையில இருக்கிற செம்ப விடவே மாட்டாங்க, மொண்டு மொண்டு ஊத்திக்கிட்டே இருப்பாங்க, ஊத்துதோம்னு அவங்களுக்கே தெரியாது. பொறவு விழுவாங்க. ஈரத் தரை, குழாய், வாளி விளிம்பு, படி. எல்லாம் கல்லும் இரும்பும். சளார். ரெண்டாவதும் தோளுக்குத்தான். நல்ல புள்ள.

அவளுக்கு மொத தடவை வந்தது சடங்கன்னைக்கு. வயசுக்கு வந்து தலைக்குத் தண்ணி ஊத்துற சடங்கு. கொல்லையில முக்காலி போட்டு உக்கார வச்சு, மஞ்சத் தண்ணி, வேப்பெலை எல்லாம் போட்டு அண்டாவுல கொதிக்க வச்சிருந்தாங்க. எங்க நாத்தனாரு மொத செம்பு, அவ அக்கா ரெண்டாவது, அடுத்து இன்னொருத்தி, இன்னொருத்தி, சிரிப்பும் கொலவையும். நான் பட்டுச் சேலை கட்டிக்கிட்டுத் தட்டு பிடிச்சுக்கிட்டு நின்னேன். எம்மக தலைய ஒரு பக்கமாச் சாச்சு முனங்கினா. கண்ணு மேல ஏறுது. "அம்மன் வந்துட்டாட்டி! புள்ள மேல அம்மன் வந்துட்டா!"ன்னு நாத்தனாரு கத்துதா, ரெண்டு பேரு கையெடுத்துக் கும்பிடுதாங்க, ஒருத்தி ஓடிப்போயி இரும்புச் சாவிக் கொத்த எடுத்துட்டு வாறா. நான் தட்டத் தூக்கி எறிஞ்சேன். வளையலும் பூவும் கொல்லையெல்லாம் செதறுச்சு. சேலையோட சேத்துல உக்காந்து அவள ஒருச்சாச்சுப் படுக்கப் போட்டேன். "தொடாத மங்கை, சாமி கோவிச்சுக்கும்"ன்னு ஒருத்தி எங்கையப் பிடிச்சு இழுக்கா. நான் அவளப் பேசின பேச்ச இன்னைக்கும் சொல்லிக் காட்டுதாங்க அந்த வீட்டுல. பேசினது பேசினதுதான். செண்பகத்துக்கு நெனப்பு வந்ததும் கேட்டது ஒண்ணே ஒண்ணு. "எல்லாரும் பாத்தாங்களா?" அந்தக் கேள்வி இருக்கு பாருங்க, அது ரொம்ப நாளு என்னத் தூங்க விடல. அதுவரைக்கும் ஒத்தத் தலைவலியப் பத்தித்தான் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருந்தேன். தூக்கித் தூரப் போட்டேன்.

இப்போ தலைக்கு ஊத்தினாளா? ஒரு கட்டியா விழுந்த மாதிரி இருந்துச்சு. இல்ல, பச்சத் தண்ணிக் குழாயா? அதையும் தொறந்து வச்சிருக்கா போல, ரெண்டு சத்தமும் ஒண்ணா வருது, ஒண்ணும் பிடிபட மாட்டேங்குது. வெளாவுதா. வெளாவட்டும். நான் சொல்லிக் குடுத்ததுதான. எல்லாருக்கும் அதத்தான் சொல்லிக் குடுத்தேன். சின்ன மாத்திரை ஒண்ணு, குளிக்கிறதுக்கு முன்னாடி. தண்ணி வெதுவெதுன்னு, மொதல்ல தோளுக்கு, பொறவு தலைக்கு. மாசம் போகப் போக பையச் சூட்டக் கூட்டு. நல்ல சூடு வரைக்கும் போ. அதுலயும் ஒண்ணும் வரலியா, மாத்திரைய நிப்பாட்டு. மண்டை அந்தச் சூட்டுக்குப் பழகிரும், பழகிட்டா விட்டுரும். இதுதான் நான் கண்டுபிடிச்சது, இவ்வளவுதான். இதுக்குத்தான் கோவில்பட்டி, சங்கரன்கோவில், வள்ளியூர்னு அத்தனை ஊர் சனத்தையும் வரச் சொல்லி, உக்கார வச்சு, கேட்டுக் கேட்டு எழுதினது. சுடுதண்ணியிலதான் குளிக்கீங்களா? தலைக்கு ஊத்துதீங்களா? வலிப்பு வந்துதா? ஆமா, ஆமா, இல்ல. ஆமா, ஆமா, இல்ல. கேக்கக் கேக்க எனக்குச் சாமி கும்பிட்ட மாதிரி இருக்கும். கட்டுரைய அனுப்பினதும், அதப் போடலாமான்னு பாத்துச் சொல்லுற முகம் தெரியாத ஒருத்தன் கேள்வி கேட்டு அனுப்புதான், வீட்டில் தண்ணீரின் சூட்டை நீங்கள் எப்படி உறுதி செய்தீர்கள்னு. எனக்கு வந்த கோவத்துக்கு! எங்க ஊரு சனம் எப்படிக் குளிக்கும்னு எங்களுக்குத் தெரியாதா, வீட்டுக்கு வீடு போயி வாளிக்குள்ள கைய விட்டுப் பாக்கச் சொல்லுதியா? ஒவ்வொரு தடவையும் நோயாளியையும் குடும்பத்தாரையும் நேரில் விசாரித்தோம்னு பதில் போட்டேன். ஒத்துக்கிட்டாங்க. வந்துருச்சு. ஆஸ்பத்திரியில கேசரி குடுத்துக் கொண்டாடினோம். அடுத்த வாரம் ஹைதராபாத்துல டாக்டருங்க மாநாட்டுல போயி இதத்தான் பேசணும், போன்ல மெசேஜ் மேல மெசேஜா வருது, பேச்சுக்குப் போட வேண்டிய படத்த அனுப்புங்க படத்த அனுப்புங்கன்னு. அனுப்புதேன் போங்கடா. எம்மக வெளிய வரட்டும்.

"ஏளா மங்கை, அங்கன என்ன காவலா நிக்க? இங்க வந்து உக்காரு." அவருதான். பேப்பருக்குப் பின்னால இருந்து சத்தம். கைய ஆட்டிப் பேசாம இருங்கன்னு காட்டினேன், அவருக்கு எங்க தெரியப் போகுது. "கதவுக்குக் கீழ சந்து இருக்குல்லா, உங்காலு தெரியும் அவளுக்கு." அட ஆமா. ஒரு அடி தள்ளி நின்னேன். தள்ளி நின்னா சத்தம் சரியாக் கேக்கல. மறுபடியும் கிட்ட வந்து சுவரோட ஒட்டி நின்னேன். இந்த மனுசனுக்கு எப்படி இப்படி இருக்க முடியுது? நெஞ்சுக்குள்ள என்ன ஐஸ் வச்சிருக்காரா? கேட்டா, "நீ டாக்டர், நீயே ஆகாதுன்னு சொல்லியாச்சு, பொறவு எனக்கு என்ன பயம்"னு சொல்லுவாரு. அவரு என்ன நம்புதாரு. ஊரே என்ன நம்புது. நாந்தான் இங்கன கதவ நக்கிக்கிட்டு நிக்கேன். காலம்பற எண்ணெ தேச்சு விட்டதும் நாந்தான். நல்லெண்ணெயக் காய்ச்சி, ரெண்டு மொளகு போட்டு, உச்சியில வச்சுத் தேய்க்கேன். சின்னப் புள்ளையில அந்த எடம் மெத்துன்னு துடிச்சுக்கிட்டு இருந்துச்சு, இப்போ கல்லாட்டம் இருக்கு. காதுக்குப் பின்னால அந்தத் தழும்பு, சடங்குக்குப் பொறவு ஒரு நா வலிப்பு வந்து இதே பாத்ரூம் படியில விழுந்தது. வெரலு தானாப் போயி அதுலயே நிக்குது. "அங்கன என்னம்மா நோண்டுத?"ங்கா. ஒண்ணுமில்லட்டின்னேன். அப்பமாவது சொல்லியிருக்கலாம். செண்பகம், இன்னைக்கு ஒரு நா மட்டும் தாழ்ப்பாள் வேண்டாம்மா, எனக்குப் பயமா இருக்கும்மான்னு வாய் விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லல. டாக்டராட்டம் மூஞ்சிய வச்சுக்கிட்டுத் தேச்சேன்.

சீயக்காய் வாசனை வருது. அப்பாடா. சீயக்காய் வரைக்கும் வந்துட்டாளா, அப்போ தலை நனைச்சாச்சு, நனைச்சு ஒண்ணும் ஆகல. ஆகலலா? பாத்தியாட்டி மங்கை, பாத்தியா, நீ எழுதினது சரிதான். ஹைதராபாத்துல போயி தைரியமாப் பேசு. சளார் சளார். அலசுதா. சளார். சளார் சளார் சளார். என்ன இது இவ்வளவு வேகம்? மூச்சு விடாம ஊத்துதா. பைய ஊத்துட்டி. ஒரு செம்புக்கும் அடுத்த செம்புக்கும் நடுவுல நேரம் விடணும், அதையும்லா சொல்லிக் குடுத்திருக்கேன். சளார் சளார். கை நிக்கல. இது அதுதானா? மொண்டு மொண்டு ஊத்திக்கிட்டே இருப்பாங்கன்னு எழுதினேனே, அதுதானா? கண்ணு குத்தி நிக்குதா அவளுக்கு? பாக்க முடியலியே. அய்யோ, இந்தக் கதவுல ஒரு ஓட்டை கூட இல்லியே. கதவத் தள்ளினா தாழ்ப்பாள் தாங்குமா? சின்னத் திருகாணிதான், வலது பக்கம் கோணியிருக்கு, தோளக் குடுத்து இடிச்சா வந்துரும். அவரையும் கூப்பிட்டா ரெண்டு பேருமா... அவரு முட்டி வலின்னு எந்திரிக்கவே நேரமாகும். நானே இடிச்சிருவேன். இடிச்சு, அவ சும்மா வேகமா அலசிக்கிட்டு இருந்திருந்தா? ஈரத் தலையோட, உடம்புல துணி இல்லாம, என்னப் பாப்பா. எல்லாரும் பாத்தாங்களான்னு கேட்டவ. ஒண்ணும் சொல்ல மாட்டா. பெட்டியத் தூக்கிப் பீரோ மேல வச்சிருவா. பொறவு ஆயுசுக்கும் வைக்கப் போறதில்ல எம்பேச்சுல நம்பிக்கை.

நின்னுடுச்சு. தண்ணிச் சத்தம் நின்னுடுச்சு. குழாயும் நின்னுடுச்சு. சொட்டு விழுற சத்தம் மட்டும். சரி, தொடைக்கா. துண்டெடுக்கா. துண்டு எடுத்தா கம்பியில இருந்து சரக்குன்னு ஒரு சத்தம் வரணும், வரல. வாளி நகரணும், நகரல. அடுப்படியில குக்கர் விசில் அடிக்குது, சவம், நீ வேற இந்த நேரத்துல. ஓடிப் போயி அணைக்கவும் மனசில்ல. சொட்டு. சொட்டு. மூச்சுச் சத்தம் கேக்குதா? எம்மூச்சுதான் கேக்குது. ஒருச்சாச்சு விழுந்திருந்தா மூச்சு போகும், கவுந்து விழுந்திருந்தா? வாளிக்குள்ள மூஞ்சி போயிருந்தா? தண்ணி கொஞ்சமா இருந்தாக்கூடப் போதும்னு நானே எத்தனை பேருகிட்ட சொல்லியிருக்கேன். கைய ஓங்கிட்டேன் கதவத் தட்ட. ஓங்கின கை அங்கனயே நிக்குது. செண்... தொண்டைக்குள்ளயே நிக்குது. கூப்பிட்டா வேலை போகும். கூப்பிடலேன்னா உசுரு போகும்னா, இதுல யோசிக்க என்ன இருக்கு, எந்தத் தாயாவது யோசிப்பாளா? ஆனா எழுதினவ யோசிக்கா. ஒண்ணும் ஆகாதுன்னு எழுதினவ நின்னு யோசிச்சுக்கிட்டு இருக்கா. தூ. அப்பந்தான் ஒரு குறுக்குப் புத்தி வந்துச்சு. அவளத்தான கூப்பிடக் கூடாது? "ஏங்க!"ன்னு கத்தினேன், தெரு முனைக்குக் கேக்கும். "ஏங்க, அந்தக் குக்கர அணைங்க!" அவரு "நீ அங்கதான நிக்க, நீயே அணை"ன்னு திருப்பிக் கத்துதாரு. உள்ள ஒரு அசைவும் இல்ல. எப்பமும் இதுக்கு அவ சிரிப்பா. சிரிப்புச் சத்தம் வரல. அவ்வளவுதான், எனக்கு இருந்த தைரியமெல்லாம் தீந்து போச்சு. வேலையும் வேண்டாம், ஹைதராபாத்தும் வேண்டாம், கட்டுரையக் கொண்டு போயி ஆத்துல போடுங்க. ரெண்டு கையையும் ஓங்கிட்டேன்.

தாழ்ப்பாள் தொறந்துச்சு. நைட்டியோட நிக்கா, தலையில துண்டக் கூடச் சுத்தல. ஒதடு நீலம் பாஞ்சிருக்கு, பல்லு கிடுகிடுங்குது. எனக்கு வந்த சந்தோஷத்துல அவ தலைய அப்படியே பிடிச்சு நெஞ்சோட சேத்துக்கிட்டேன். எம்மாடி, எங்கண்ணே, ஒண்ணும் ஆகலலா, ஒண்ணும் ஆகலலா. அப்போ கைக்குப் பிசுக்குன்னு இருந்துச்சு. முடிய வெரலால கோதினேன். எண்ணெ அப்படியே இருக்கு. சீயக்காய் திட்டுத் திட்டா ஒட்டிக்கிட்டு இருக்கு. அவ உடம்பு ஐஸா இருந்துச்சு. தோளுக்கு மேல எட்டி உள்ள பாத்தேன். கீசர் தண்ணி வாளி ரொம்ப ரொம்ப அப்படியே இருக்கு, அதுல இருந்து ஆவி பறக்குது. மேல ஒரு அலை கூட இல்ல. பக்கத்துல பச்சத் தண்ணிக் குழாய்க்கடியில இன்னொரு வாளி, அதுல செம்பு மெதக்குது.

"என்னட்டி இது?"

"பச்சத் தண்ணிதாம்மா."

"இன்னைக்கு ஒரு நாளா?"

அவ குனிஞ்சுக்கிட்டா. "எப்பமும்."

"எப்பமும்னா? நான் கேக்கும்போதெல்லாம் சுடுதண்ணின்னு சொன்னியே. நல்லாச் சூடாத்தான் ஊத்துதேன்னு சொன்னியே. நான் ஆஸ்பத்திரிக்குப் போன பொறவு குளிச்சதெல்லாம்..."

"நீ கேக்கும்போதே ஆமான்னு சொல்லிருட்டின்னு உன் மூஞ்சி கெஞ்சும்மா. அந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டு எப்படி இல்லேன்னு சொல்ல?" அவ அழ ஆரம்பிச்சா. "அன்னைக்கு இந்தப் படியில விழுந்த பொறவு நான் ஒரு செம்பு வெந்நீர் கூடத் தலைக்கு ஊத்தினதில்ல. பயமா இருக்கும்மா. இன்னைக்கு ஊத்திரணும்னுதான் உள்ள போனேன். செம்பத் தூக்குதேன், கை வர மாட்டேங்குது. சரி, நீ கூப்பிட்டிருவ, கூப்பிட்டா குன்னூருக்குப் போக வேண்டாம்னு உங்காலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். நீ கூப்பிடவே இல்லியேம்மா."

பாத்ரூம் படியிலயே உக்காந்துட்டேன். சேலையெல்லாம் ஈரம். ஒரு பக்கம் இவள நாலு சாத்து சாத்தணும் போல இருக்கு, ஒரு பக்கம் சிரிப்பு வேற வருது, அழுகையும் வருது, எது மொதல்ல வருதுன்னே தெரியல. எம்மக எங்கிட்ட இப்படிச் சொல்லியிருந்தா, மத்தவங்க? வள்ளியூர்ல இருந்து வருவாளே ஒரு பொம்பள, பேச்சியம்மா, ரெண்டு பஸ்ஸு மாறி, எனக்கு மடியில முருங்கைக்காய் கட்டிக்கிட்டு. "நீங்க சொன்ன மாதிரியே சூடாத்தான் ஊத்துதேன் டாக்டரம்மா, ஒண்ணும் வரல, நீங்க நல்லா இருக்கணும்"னு கையப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லுவா. அவ ஊத்தியிருப்பாளா? அவ வீட்டுக்காரன் பக்கத்துல நின்னு தலைய ஆட்டுவானே, அவன் பாத்தானா? ஒரு தடவை விழுந்து எந்திரிச்சவ யாரு மறுபடியும் தலையில கொதிக்கிற தண்ணிய ஊத்துவா? நான் சந்தோஷப்படுவேன்னுல்லா அத்தனை பேரும் ஆமான்னு சொல்லியிருக்காங்க. நான் வைத்தியம் பண்ணினேன், அவங்க பச்சத் தண்ணியில குளிச்சாங்க. வலிப்பு வரல. எங்கயிருந்து வரும்? எல்லாரும் இல்லேன்னாலும், எத்தனை பேருன்னு எனக்குத் தெரியாதே. யாருக்கும் தெரியாது. இதத்தான் அச்சடிச்சு உலகம் பூராவும் அனுப்பியிருக்கேன். இப்பவே யாராவது ஒரு டாக்டரு எங்கயோ உக்காந்து அதப் படிச்சுட்டு, சூட்டக் கூட்டுன்னு யாருக்கோ சொல்லிக்கிட்டு இருப்பாரு. கேட்ட ஆளு நெசமாவே கூட்டிட்டான்னா?

"எம்மா, பேசு. திட்டவாவது செய்யி."

"ஹைதராபாத்துக்கு வரலன்னு சொல்லணும்"னேன். என் வாயில வந்தது அதுதான். "அந்த ஜர்னலுக்கும் எழுதணும். அவங்கள எல்லாம் ஒவ்வொருத்தராப் போயிப் பாக்கணும், வீட்டுக்கே போகணும்." அவ ஒண்ணும் புரியாம பாக்கா. "உனக்குக் குன்னூர் போகணுமா வேண்டாமா? எம்மூஞ்சியப் பாக்காமச் சொல்லு." அவ திரும்பி ஆவி பறக்குற வாளியப் பாத்தா. "போகணும்மா"ன்னா. "போகணும். ஆனா பயமா இருக்கு." எனக்கும்தான்ட்டின்னேன். இத்தனை வருஷத்துல இத அவகிட்ட சொல்லுதது இதுதான் மொத தடவை. சொன்னதும் அவ மூஞ்சி கொஞ்சம் தெளிஞ்ச மாதிரி இருந்துச்சு. பஸ்ஸு நாளைக்கும் இருக்கு, நாளான்னைக்கும் இருக்கு, மொதல்ல உக்காருன்னு சொல்லி முக்காலிய இழுத்துப் போட்டேன். கதவ அகலத் தொறந்து வச்சேன். அவரு பேப்பரோட வந்து எட்டிப் பாத்துட்டு, எங்க ரெண்டு பேரு மூஞ்சியையும் பாத்துட்டு, குக்கர அணைக்க அடுப்படிப் பக்கம் போயிட்டாரு.

காலி வாளி ஒண்ணுல நானே வெளாவினேன். கொஞ்சம் வெந்நீர், கொஞ்சம் பச்சத் தண்ணி, இன்னும் கொஞ்சம் பச்சத் தண்ணி. அவ முட்டியக் கட்டிக்கிட்டு, கண்ண இறுக்கி மூடிக்கிட்டு, தோளு ரெண்டும் காதுல இடிக்க உக்காந்திருக்கா. இன்னும் ஒரு செம்பு பச்சத் தண்ணி ஊத்தினேன். எல்லாரையும் கேக்கிற மாதிரியே கேட்டேன், "தோளுக்கு ஊத்துதேன். சூடு போதுமாட்டி?" ஊத்தினேன். "ஆமாம்மா, நல்ல சூடு"ன்னா, கண்ணத் தொறக்காம. நான் வாளிக்குள்ள கைய விட்டேன். கெணத்துத் தண்ணி மாதிரி சில்லுன்னு இருந்துச்சு. வாளியக் கவுத்துக் கொட்டிட்டு மறுபடியும் வெளாவ ஆரம்பிச்சேன். இந்தத் தடவை அவளக் கேக்கல, ஒரு கைய வாளிக்குள்ளயே வச்சுக்கிட்டேன்.